மூன்றாவது வட்டம்

இருநூற்றுப் பதினான்கு சீட்டுகளையும் மூன்றாம் முறையாக எண்ணி முடித்தபோது கண்ணாடிக்காரருக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. மருத்துவமனையின் பதிவேட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. நாற்காலி என்று ஒன்று இருந்தது. அதன் நான்காவது கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழைய டைரிகள் இருந்தன. காலை ஒன்பதரைக்கு உள்ளே வந்தவர். இப்போது பதினொன்றேகால். நாலு மணிக்கு விசாரணை.

துப்பறியும் தொழிலில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி, எட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி என்று இரண்டு வைத்திருப்பார். எந்த நேரத்துக்கு எது தேவையில்லையோ அதுதான் மூக்கின் மேல் இருக்கும். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் பொய்யைத் துருவித் துருவியே அலுத்துப் போனவர். இந்த வருடத்தோடு கடையைக் கட்டிவிடலாம் என்று வருடா வருடம் முடிவெடுப்பவர்.

"அத்தான், இந்த டீயைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்றான் மச்சினன். அவருடைய மனைவியின் தம்பி. வீடு வீடாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவன், மூன்று வருடமாக இவருக்கு உதவியாளன். வாய் மட்டும் இன்னும் விற்பனையை விடவில்லை.

"சூடா இருக்கு."

"அவ்வளவுதானா? நான் ஏழாவது வட்டம் போட்டுட்டேன். எட்டாவதுன்னு ஒண்ணு இருந்தா அதையும் போட்டிருப்பேன்."

அந்த ஏழு வட்டங்கள்தான் வழக்கே.

மேஜைமேல் கிடந்த சீட்டு ஒவ்வொன்றும் அரைத்தாள் அளவு, அகலவாக்கில் அச்சடித்தது. மேலே நடுவில் ஒரே ஒரு கேள்வி: இன்று உங்களுக்குக் கிடைத்த கவனிப்பு எப்படி? அதன் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏழு வட்டங்கள். இடக்கோடி வட்டத்துக்கு அடியில் 'மிக நன்று'. வலக்கோடி வட்டத்துக்கு அடியில் 'மிக மோசம்'. நடுவில் உள்ள ஐந்துக்கும் பெயர் கிடையாது. கடைசியில் தேதி, நாற்காலி எண். நோயாளியின் பெயர் எழுத வேண்டியதில்லை. முன்பெல்லாம் இது ஒரு முழுத்தாளாக இருந்தது. ஐந்து பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சொற்களில் இருக்கும். ஆறு வாரத்துக்கு முன்னால் நிர்வாகி அதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார். தாள் மிச்சம், எண்ணுவதும் சுலபம் என்றார். முதல் வட்டத்துக்கு நூறு மதிப்பெண். வலப்பக்கம் போகப் போக இறங்கும். மூன்றாவதுக்கு எழுபத்தொன்று.

டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் கண்ணாடிக்காரர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். நோயாளிகளுக்கு அவள் பெரிய சிஸ்டர். பதினொரு வருடமாக ஒன்பது நாற்காலி, ஒன்பது மெஷின், அவற்றில் மாறி மாறி வந்து உட்காரும் மனிதர்கள் என்று காலத்தை ஓட்டியவள். புதுச் சீட்டு வந்த முதல் இரண்டு வாரம் அவள் பிரிவுக்குத் தொண்ணூற்று நாலு வந்தது. பிறகு ஒரு புதன்கிழமை அறுபத்தெட்டு. அன்றிலிருந்து நாலு வாரமாக அறுபத்தெட்டைச் சுற்றியே நிற்கிறது. ஒரு மாதம் எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் பிரிவின் தலைமையை மாற்றிவிடுவது நிர்வாகியின் புதுச் சட்டம். அவளைத் துணிக்கிடங்குக்கு மாற்றும் உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. நாலு மணிக்குக் கையெழுத்து. அதன் பிறகு அவள் விரிப்பும் தலையணை உறையும் எண்ணிக்கொண்டு ஓய்வு பெறலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் கண்ணாடிக்காரர் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார்.

"யாராவது கள்ளச் சீட்டு போட்டிருந்தா சொல்லுங்கண்ணா," என்றாள். "இல்ல, நிஜமாவே அவங்க அப்படித்தான் நினைக்கிறாங்கன்னா அதையும் மறைக்காம சொல்லுங்க. பதினொரு வருஷமா கை பிடிச்சு ஊசி போட்டிருக்கேன். அவங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா நானே துணி எண்ணப் போயிடறேன். ஆனா எதுன்னு எனக்குத் தெரியணும்."

அந்தக் கடைசி வரி மூன்று நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லி வருபவர்கள் உண்டு. உண்மை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று வருபவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"சரி, சொல்லு. என்ன தெரிஞ்சுது?" என்றார் இப்போது.

மச்சினன் சீட்டுகளை நாற்காலி வாரியாகக் கட்டு கட்டியிருந்தான். "எட்டு நாற்காலி, இருபத்து நாலு நாள், நூத்தித் தொண்ணூத்திரண்டு சீட்டு. முதல் வட்டத்துல எத்தனை டிக் தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. ரெண்டாவதுல? அதுலயும் இல்ல. முக்கால்வாசி மூணாவது. மிச்சம் நாலாவது. அங்கங்க ஒரு அஞ்சாவது."

"ஒன்பதாம் நாற்காலி?"

"அதுதான் கூத்து. இருபத்திரண்டு சீட்டு. இருபத்திரண்டும் முதல் வட்டம். ஒரே வார்டுல எட்டு நாற்காலிக்கு நரகம், ஒரு நாற்காலிக்கு மட்டும் சொர்க்கமா? கள்ள டிக் போட்டவனுக்கு ஒன்பதாம் எண்ணைக் கண்டா பயம் போலிருக்கு."

கண்ணாடிக்காரர் கிட்டப் பார்வைக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சீட்டை விளக்கடியில் பிடித்தார். டிக் என்றால் இடப்பக்கம் ஒரு குட்டைக் கோடு இறங்கி, வலப்பக்கம் ஒரு நெட்டைக் கோடு ஏற வேண்டும். இதில் நெட்டைக் கோடு இருந்தது. குட்டைக் கோடு பாதியிலேயே மொட்டையாக நின்றுவிட்டிருந்தது. அடுத்த சீட்டிலும் அப்படியே. பத்துச் சீட்டு பார்த்தார். சொல்லி வைத்தாற்போல் அதே இடத்தில் அதே மொட்டை. போதாததற்கு ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் எதையோ வைத்து அழுத்தினாற்போல் ஒரு பள்ளம். அதைப் பெட்டிக்குள் திணித்ததில் வந்த மடிப்பு என்று விட்டுவிட்டார்.

அங்கேதான் அவருக்குச் சறுக்கியது. ஆனால் அது அவருக்கு அப்போது தெரியவில்லை.

"இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி கை இழுக்குமா?" என்றான் மச்சினன். "ஒரே ஆள் உட்கார்ந்து போட்டதுதான் அத்தான் இது. அவசரத்துல போட்டது. குட்டைக் கோட்டுக்குக்கூட நேரமில்லாத ஆள்."

"அந்தப் புதன்கிழமை வார்டுல என்ன மாறிச்சு?"

மச்சினன் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். விரல் நின்ற இடத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. "சின்ன சிஸ்டர். பெரிய சிஸ்டருக்கு அடுத்த நிலை. ரெண்டு வாரம் லீவுல இருந்துட்டு அன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்காங்க. சீட்டைக் கொடுக்கறது, வாங்கறது, பெட்டியில போடறது எல்லாம் அவங்க கை. போன தடவை தலைமைப் பதவிக்கு மனு போட்டு, கிடைக்காம போனதும் அவங்களுக்குத்தான்."

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் சந்தேகப்பட வேண்டும் என்று முப்பத்திரண்டில் தொழிலுக்கு வந்தபோதே தெரிந்திருந்தது அவருக்கு. ஐம்பத்தெட்டில், இடுப்பு வலியோடு, அப்பாடா என்றுதான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணாடிக்காரர் சின்ன சிஸ்டரைப் பற்றிச் சொன்னார். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது ஒருவிதமான நிம்மதி. குறை சொன்னது நோயாளிகள் இல்லை, அதுவே அவளுக்குப் போதும் என்பதுபோல. அடுத்த நிமிடம் அந்த நிம்மதியும் வடிந்தது.

"அவளா? அவளுக்கு மாத்திரை பிரிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்," என்றாள். "எனக்கும் தோணிச்சு. நாலு வாரமா அவ முகத்தைப் பார்த்துப் பேச முடியல. விசாரணையில அவ பேரை எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதி வைங்க. நான் சொல்ற வரைக்கும் கொடுக்காதீங்க," என்றார் கண்ணாடிக்காரர். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை.

---

டயாலிசிஸ் பிரிவில் மெஷின்கள் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன. எட்டு நாற்காலிகள் வரிசையாகவும், ஒன்பதாவது மட்டும் ஜன்னலோரமாகத் தனியாகவும் இருந்தன. நாலாம் நாற்காலியில் ஒரு லாரி டிரைவர் இடது கையில் இரண்டு ஊசிகளோடு சாய்ந்திருந்தார். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம். ஊரெல்லாம் சுற்றிய மனிதருக்கு ஒரே இடத்தில் உட்காருவதுதான் நோயைவிடப் பெரிய தண்டனை என்றார்.

"பெரிய சிஸ்டர் எப்படி?" என்று கேட்டான் மச்சினன்.

"என் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. ஊசி போடற அன்னைக்கு நான் சண்டை போடறதில்ல. வலிச்சாத்தானே சண்டை வரும்."

கண்ணாடிக்காரர் போன வெள்ளிக்கிழமைச் சீட்டை அவரிடம் நீட்டினார். நாற்காலி நாலு. மூன்றாவது வட்டம்.

டிரைவர் நெற்றியைச் சுருக்கினார். "இது என்னோடது இல்ல. டிக் என் டிக் மாதிரிதான் இருக்கு, ஆனா நான் இப்படி நடுவுல போடலையே. மோசம்னு போட்டிருக்கு பாருங்க, அதுலேருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளித்தான் எப்பவும் போடுவேன். கடைசி வரைக்கும் போய்ப் போடுவேன்."

"சத்தியமா?"

"நாலு வாரமா அதைத்தான் போடறேன். வேற என்ன வேலை எனக்கு?"

இரண்டாம் நாற்காலியும் அதையே சொன்னது. ஏழாம் நாற்காலியும் அதையே சொன்னது. மூன்று பேரும் முதல் வட்டத்தில் போட்டதாகச் சொல்கிறார்கள். மூன்று சீட்டிலும் டிக் மூன்றாவதில் இருக்கிறது. யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஒன்பதாம் நாற்காலியில் ஒரு டீச்சரம்மா. வலது கையில் ஊசி. இடது கையால் ஒரு புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இடது கை நரம்பு ஒரு வருஷம்தான் தாங்கிச்சு," என்றாள். "இந்தப் பக்கம் ஊசி போடறவங்களை எல்லாம் இந்த நாற்காலியிலதான் உட்கார வைப்பாங்க. இங்கதான் மெஷின் வலப்பக்கம் இருக்கு. இடது கையால எழுதக் கத்துக்கிட்டேன். முப்பது வருஷம் பசங்களைத் திட்டினேன், எழுத்து கோணல்னு. இப்ப என் எழுத்தைப் பார்த்தா அவங்க சிரிப்பாங்க."

"சீட்டுல எந்த வட்டம் போடுவீங்க?"

"மிக நன்றுன்னு எழுதியிருக்கே, அதுல."

மச்சினன் அத்தானின் காதருகே வந்தான். "டீச்சரம்மாவை யாரும் தொடல. கோணல் டிக்கைக் காப்பியடிக்க முடியாதுன்னு கள்ளிக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம ஆள் புத்திசாலி."

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். டீச்சரம்மா சொன்ன பதிலுக்கும் லாரி டிரைவர் சொன்ன பதிலுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அது காதில் விழுந்தது. மனதில் தங்காமல் நழுவிவிட்டது.

சின்ன சிஸ்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருப்பு. ஒரு தட்டில் பஞ்சு அடுக்கிக்கொண்டே பேசினாள். ஒரு தடவைகூட அடுக்குவதை நிறுத்தவில்லை.

"என்னைத்தான் சந்தேகப்படறீங்கன்னு தெரியும் சார். சுத்தி வளைக்க வேண்டாம்."

"லீவு எதுக்குப் போட்டீங்க?"

"அம்மாவுக்கு ஆபரேஷன். அம்மாவைப் பார்த்துக்க முதல் மூணு நாள் கூட வந்து உட்கார்ந்தது யாருன்னு பெரிய சிஸ்டரைக் கேளுங்க. அவங்கதான். நான் திரும்பி வந்த அன்னையிலேருந்து அவங்களுக்கு மார்க் குறையுது. நாலு நாள் கழிச்சு அவங்க என்கிட்ட பேசறதும் குறைஞ்சிடுச்சு. இப்பல்லாம் எந்த மருந்துன்னு வாயால சொல்றதில்ல, கையால காட்டறாங்க." பஞ்சுத் தட்டை மூடினாள். "பதவிக்கு மனு போட்டேன், உண்மைதான். கிடைக்கலைன்னதும் ராத்திரி அழுதேன், அதுவும் உண்மைதான். ஆனா எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவங்களை எப்படி சார் நான் கவிழ்ப்பேன்?"

நல்ல நடிகையாக இருந்தாலும் இப்படித்தான் பேசுவாள். நிரபராதியாக இருந்தாலும் இப்படித்தான் பேசுவாள். கண்ணாடிக்காரருக்குச் சலிப்பாக வந்தது. இருபத்தாறு வருடம் ஆகியும் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை என்றால் இது என்ன தொழில்?

மணி இரண்டே முக்கால். கால் கெஞ்சியது. அன்றைக்கு ஆள் வராத ஆறாம் நாற்காலி காலியாக இருந்தது. "உட்காருங்க சார், முகமே சரியில்லை," என்று சின்ன சிஸ்டரே சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். தன்னைக் குற்றவாளியாக்க வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும் பெண். அவர் அதை வெட்கத்தோடு குடித்தார்.

குறிப்பு எழுத மடியில் ஏதாவது வேண்டியிருந்தது. நாற்காலியின் இடது கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. பரீட்சைக்குப் பிள்ளைகள் எடுத்துப்போவார்களே, கிளிப் வைத்த அட்டை, அது. கிளிப்பில் இருந்த துளை வழியாகக் கட்டுத்துணி நாடாவை விட்டுக் கைப்பிடியோடு கட்டியிருந்தார்கள். இழுத்தார். மடியின் குறுக்கே வாகாக வந்து படுத்துக்கொண்டது. காலையில் செருகி வைத்த சீட்டு அதில் அப்படியே இருந்தது. பேனாவும் ஒரு நாடாவில் ஆடிக்கொண்டிருந்தது.

இன்று உங்களுக்குக் கிடைத்த கவனிப்பு எப்படி?

கையில் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி, அலுப்பிலும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியிலும், கண்ணாடிக்காரர் முதல் வட்டத்தில் ஒரு டிக் போட்டார். மச்சினன் அதைப் பார்த்துவிட்டான்.

"அட, சந்தேகப்படற ஆளுக்கே நூறு மார்க்கா? கொடுங்க, இதை வழக்குல சேர்த்துடலாம்." கிளிப்பை அழுத்திச் சீட்டை உருவினான். உருவியவன் அதைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். "என்ன அத்தான், தண்ணியில உப்பு கிப்பு இருந்துதா?"

"ஏன்?"

"மூணாவது வட்டத்துல போட்டிருக்கீங்க."

"முதல் வட்டத்துலதானேடா போட்டேன்."

"எட்டப் பார்வைக் கண்ணாடியைப் போட்டிருக்கீங்க. அதான்."

அவர் கண்ணாடியை மாற்றினார். சீட்டை வாங்கினார். அவருடைய டிக்தான். மூன்றாவது வட்டத்தில் இருந்தது. நெட்டைக் கோடு சரியாக ஏறியிருந்தது. குட்டைக் கோடு பாதியில் மொட்டையாக நின்றிருந்தது.

கண்ணாடிக்காரர் அந்த மொட்டைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்தது போலவே திரும்ப அட்டையில் செருகிக் கிளிப்பை விட்டார். அகலமான இரும்புக் கிளிப், மூன்று விரற்கடைக்குமேல் சீட்டின் இடப்பக்கத்தை விழுங்கியது. முதல் வட்டம் போயிற்று. இரண்டாவது வட்டம் போயிற்று. 'மிக நன்று' போயிற்று. கேள்வி நடுவில் இருந்ததால் தப்பியது. மிச்சம் ஐந்து வட்டங்கள், எதுவும் குறையாதது போல ஒழுங்காக வரிசையில் நின்றன. ஐந்தாவதின் அடியில் 'மிக மோசம்' என்று மட்டும் இருந்தது.

"மோசத்துலேருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம்," என்றார் மெதுவாக. "லாரிக்காரர் தெளிவா சொன்னாரே. நன்றுங்கற வார்த்தையை அவர் வாயில எடுக்கவே இல்ல. அதை அவர் பார்த்ததே இல்ல."

மச்சினன் ஜன்னலோரம் ஓடினான். ஒன்பதாம் நாற்காலியின் அட்டை வலது கைப்பிடியில் கட்டியிருந்தது. அங்கே கிளிப் விழுங்கியது வலப்பக்கத்தை. டீச்சரம்மாவுக்கு 'மிக நன்று' தெரிந்தது. 'மிக மோசம்' தெரியவே இல்லை. மற்ற வார்டுகளில் சீட்டை மேஜையில் வைத்து இரண்டு கையாலும் எழுதுகிறார்கள். அங்கே அட்டையும் இல்லை, கிளிப்பும் இல்லை.

"டிக்கோட வாலை வெட்டினது கள்ளி இல்ல, கிளிப்," என்றான் திரும்பி வந்து. "அத்தான், நாம காலையிலேருந்து ஒரு இரும்புத் துண்டைத் தேடிக்கிட்டிருந்தோம்."

சின்ன சிஸ்டர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் ஒன்பது சீட்டை அவள் கையால் செருகியிருக்கிறாள். ஏழு வட்டமும் மனதில் இருந்ததால் கண்ணுக்கு ஏழும் தெரிந்திருக்கின்றன.

"இந்த அட்டையெல்லாம் எப்ப வந்துது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

அவள் நாடாவின் முடிச்சைப் பிடித்துப் பார்த்தாள். "நான் லீவு முடிஞ்சு வந்த அன்னைக்குக் காலையில. பெரிய சிஸ்டர் வீட்டுலேருந்து கொண்டுவந்தாங்க. ஒத்தைக் கையால எழுதறப்போ சீட்டு நழுவி விழுது, பாவம், குனிஞ்சு எடுக்கக்கூட முடியலைன்னு அவங்களே தேடி வாங்கினது. நழுவாம இருக்கணும்னு பெரிய கிளிப்பா பார்த்து வாங்கினாங்க. நாடா கட்டினதும் அவங்கதான்."

---

விசாரணை அறையில் நிர்வாகி, தலைமை மருத்துவர், குறிப்பெடுக்க ஓர் உதவியாளர். ஒரு பக்கத்தில் பெரிய சிஸ்டர், சீருடைப் பையில் நாலாக மடித்த கடிதத்தோடு. கண்ணாடிக்காரர் எதையும் விளக்கவில்லை. விளக்கத் தெம்பும் இல்லை. புதுச் சீட்டு செருகிய அட்டையை நிர்வாகியின் முன்னால் இடப்பக்கம் கிளிப் வருமாறு வைத்தார்.

"இந்தச் சீட்டை அமைச்சது நீங்கதானே?"

"நானே உட்கார்ந்து அமைச்சேன்," என்றார் நிர்வாகி. குரலில் பெருமை தெரிந்தது.

"அப்ப சீட்டைப் பத்தி உங்க அபிப்பிராயத்தை இதுலயே போடுங்க."

நிர்வாகி பேனாவை எடுத்து, கைக்கு எட்டிய முதல் வட்டத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டார். கண்ணாடிக்காரர் கிளிப்பை அழுத்திச் சீட்டை உருவி அவர் முன்னால் வைத்தார்.

டிக் மூன்றாவது வட்டத்தில் இருந்தது. தலைமை மருத்துவர்தான் முதலில் இருமினார். அது இருமல் இல்லை.

"எழுபத்தொண்ணு," என்றான் மச்சினன். "நாலு மார்க் குறையுது சார். துணிக்கிடங்குல ரெண்டு பேருக்கு இடம் இருக்கா?"

நிர்வாகி சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சீட்டில் கிளிப் பதித்த ஓரப் பள்ளங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். பத்துக்கு மேல் பார்க்கவில்லை. கையெழுத்தாகாத உத்தரவைக் கோப்பிலிருந்து எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். அந்த நாலு வாரக் கணக்கு செல்லாது என்று உதவியாளரிடம் எழுதச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை; அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

வெளியே வராந்தாவில் பெரிய சிஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப அவங்களுக்கு என்னைப் பிடிக்கும்," என்றாள்.

"நூறு மார்க்குக்குப் பிடிக்கும்."

இப்போதுதான் அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டு, "அவ?" என்றாள்.

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். "அவ ஒண்ணும் செய்யல. மத்தியானம் நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் தப்பு."

"நீங்க இன்னைக்குத்தான் அவசரப்பட்டீங்க," என்றாள் அவள். "நான் நாலு வாரமா."

சின்ன சிஸ்டர் ஆறாம் நாற்காலியில் உட்கார்ந்து அட்டைகளின் நாடாக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் எதிரில் போய் நின்றாள்.  லாரி டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாகக் காட்டிக்கொண்டார். கடைசியில் பெரிய சிஸ்டர் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"உன் பேரை எழுதி வெச்சிருந்தேன். கொடுக்கல. ஆனா எழுதினேன். படிச்சுக்கோ."

சின்ன சிஸ்டர் படித்தாள். ஒரு பக்கம்தான். படித்து முடித்து, மடித்தபடியே மடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லிடு," என்றாள் பெரிய சிஸ்டர். "இவங்களுக்கெல்லாம் தினம் ஒரு சீட்டு கொடுக்கறோமே. உன்கிட்ட நான் கேட்டதே இல்ல."

சின்ன சிஸ்டர் கத்தரியை வைத்தாள். கட்டிலிருந்து புதிதாக ஒரு சீட்டை உருவினாள். அட்டையில் செருகவில்லை. உள்ளங்கையிலேயே வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏழு வட்டத்தையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஒரு டிக் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது வட்டம். குட்டைக் கோடும் நெட்டைக் கோடும் முழுசாக இருந்தன.

"இது கிளிப் போட்டது இல்ல," என்றாள். "நான் போட்டது."

பெரிய சிஸ்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். மறுக்கவில்லை. கடிதம் இருந்த பையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு அட்டையை எடுத்து நாடாவை விறைப்பாகப் பிடித்துக் காட்டினாள்.

"நாளைக்கும் ஒரு சீட்டு தரட்டுமா?"

"கொடுங்க," என்றாள் சின்ன சிஸ்டர், நாடாவைக் கத்தரித்தபடியே. "பார்ப்போம்."

மச்சினன் வாயைத் திறந்தான். கண்ணாடிக்காரர் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். இரண்டு பேரும் படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அன்றைக்கு அவன் டீயைப் பற்றிக்கூட எதுவும் கேட்கவில்லை.